தேடி வருகிற ரகம்

ஊர் ஊராய்ப் போகிறவர்களைப் பற்றி இஸ்திரி அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு, போகிறவர்களுக்கே தெரியாது. இத்தனைக்கும் அக்கா வீட்டிலிருந்து லாட்ஜுக்கும், லாட்ஜிலிருந்து வீட்டுக்கும் தவிர வேறு பயணம் போனதில்லை. அதுவும் நடைதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது எங்கள் லாட்ஜ். பதினெட்டு அறைகள். நான் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஆள் காலி செய்துவிட்டுப் போனதும் உள்ளே நுழைவேன். தலையணை உறை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் உருவி விரிப்பின் நடுவில் போட்டு, நாலு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. மூட்டையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு துடைப்பத்தை எடுப்பேன். மூட்டை பின்பக்கத்து அறைக்குப் போகும். அங்கே துவைப்பது, காயப்போடுவது, தேய்ப்பது மூன்றும் அக்கா. இருபத்திரண்டு வருஷம் நான் கட்டியதை அவர் அவிழ்த்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிரார்த்தனை. இங்கே தூங்கிவிட்டுப் போனவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், கடவுளே என்று ஆரம்பித்தால், என் பிள்ளை படிப்பு, பக்கத்து வீட்டுக்காரி கால்வலி என்று அது பாட்டுக்கு நீளும். வாய் கடவுளோடு இருக்கும், கை வேலையோடு இருக்கும். கடவுளிடம் கேட்கிற வேகத்தில் கை முடிச்சை இழுத்துவிடும். அதனால் என் முடிச்சு கல்லாய் இறுகும்.

"ஏய் முடிச்சு!" என்று பின்னாலிருந்து குரல் வரும். அக்கா எனக்கு வைத்த பெயரே அதுதான். "துணிய கட்டச் சொன்னா திருடன கட்டற மாதிரி கட்டியிருக்கே. என் பல்லு போச்சுன்னா உன் சாமியா வந்து பல்லு கட்டும்?"

"பல்லால ஏன்க்கா அவுக்கறீங்க, கையால அவுங்க."

"கையால அவுக்கற மாதிரி நீ கட்டு மொதல்ல."

மூட்டை அவிழ்ந்ததும்தான் அக்காவின் நிஜமான வேலை தொடங்கும். விரிப்பைக் கையில் தூக்கிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஒரு ஓரம் மட்டும் கசங்கியிருந்தால், "இவரு வீட்டுல ரெண்டு புள்ளைங்க நடுவுல படுக்கறவரு. தனிக் கட்டில் கிடைச்சும் ஓரத்துலயே படுத்திருக்காரு பாவம்." விரிப்பு முறுக்கிக் கிடந்தால், "இந்த ஆளு தூங்கல. ராத்திரி முழுக்க போர்வையோட சண்டை." தலையணை உறையில் உப்புப் பூத்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அதைத் தனியாக எடுத்துக் கையால் துவைப்பார்.

நான் அறையில் பார்த்ததைச் சொல்வேன், அவர் துணியில் பார்த்ததைச் சொல்வார். இரண்டையும் சேர்த்து ஆளுக்கொரு ரகம் பிரிப்போம். ஒரே நாள் தங்க வந்து, அலமாரியில் துணி அடுக்கி, மேசையில் குடும்பப் படம் வைத்து, ஜன்னலில் கைக்குட்டை காயப்போடுகிறவர் 'குடியேறி'. பெட்டியையே திறக்காமல், போட்ட சட்டையோடு படுத்து எழுந்து போகிறவர் 'பூட்டு'. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்குகிறவருக்கும் ஒரு பெயர் இருந்தது, அது வேண்டாம், அவர்களில் எங்கள் முதலாளியின் மச்சானும் ஒருவர். எனக்குப் பிடித்தவர்கள் 'ஜன்னல்' ரகம். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, எங்கள் பஸ் நிலையத்தைப் போய் அதிசயமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நாம ஒரு நாள் கெளம்பினா, நான் ஜன்னல் ரகந்தான்" என்று அக்கா சொல்வார்.

"நானும் அதேதான்க்கா."

"நீ எங்க ஜன்னல்? நீ போற எடத்துல தூசி இருக்கான்னு பாப்பே."

எங்களுக்குச் சிரிப்பு மூட்டுவது 'தேடி' ரகம். எதையாவது மறந்துவிட்டுப் போய், அதைத் தேடித் திரும்பி வருகிறவர்கள். நல்ல பொருளாயிருந்தால் சரி. ஒருவர் மூன்று மணி நேரம் பஸ்ஸில் திரும்பி வந்தார், மூக்குக்கண்ணாடி வைக்கிற கூட்டுக்காக. கண்ணாடி அவர் மூக்கில் இருக்கிறது. வெறும் கூடு, அதுவும் மூடி உடைந்தது. நான் அதை மறந்த சாமான்கள் வைக்கிற தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தரம் திறந்து மூடிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் படி இறங்கும் வரைதான் அக்கா பொறுத்தார்.

"கூட்டுக்கு வந்த குருவியப் பாத்தியாடி!" என்று சொல்லி, தேய்க்கிற மேசையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க 'குருவி' என்றாலே போதும், இருவருக்கும் சிரிப்பு வரும்.

இனி அந்தப் பின்பக்கத்து அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாட்ஜில் எல்லா அறையும் வெள்ளை. அது மட்டும் நீலம், மழை விட்ட வானம் மாதிரி ஒரு நீலம். அடித்தது அக்காவின் வீட்டுக்காரர். அவர் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். லாட்ஜ் முழுவதையும் முடித்த பிறகு, வேறெங்கோ மிச்சமான ஒரு டப்பா நீலத்தைக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே அந்த அறைக்கு அடித்தாராம். "உள்ள யார் வந்து பாக்கப் போறாங்க, எதுக்குய்யா?" என்று முதலாளி கேட்டதற்கு, "பின்னால வேல செய்யறவங்களும் மனுசங்கதானே" என்றாராம். அந்த வருஷமே நெஞ்சுச் சளி முற்றி அவர் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்ற அக்காவை முதலாளி கூப்பிட்டு அந்த அறையிலேயே வேலை கொடுத்தார். அதே மாதம் நானும் சேர்ந்தேன்.

எத்தனையோ தரம் லாட்ஜுக்கு மறுபடி வெள்ளை அடித்தார்கள். ஒவ்வொரு தரமும் அக்கா மூட்டைகளைச் சுவரோரம் கூரை வரை அடுக்கிவிட்டு, "இத எடுக்க முடியாது, ஈரம். அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார். நீராவியில் நீலம் அங்கங்கே உரிந்தது. ஆனாலும் நீலமாகவே இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது சாமான்கள் மேல் வர்ணம் தெறிக்காமல் விரித்து மூட ஒரு வெள்ளைப் போர்வை கொண்டுபோவாராம். அந்தப் போர்வையைத்தான் அக்கா தினமும் போர்த்திக்கொண்டு படுத்தார். அதன் ஒரு முனையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலச் சொட்டு. டீக் கறை, மை, துரு, மருந்து, எந்தக் கறையாயிருந்தாலும் என்னிடம் கொடு என்று மார்தட்டுகிறவர், அந்த ஒரு சொட்டின் மேல் சோப்புப் படாமல் துவைத்தார்.

லாட்ஜ் விற்றுப் போனது. இடித்தார்கள். முன்பக்கம் எல்லாம் விழுந்து, இரண்டு நாள் பின்பக்கத்து நீலச் சுவர் மட்டும் வெயிலில் தனியாக நின்றது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி. அக்காவும் நானும் எதிரில் டீக்கடையில் நின்று பார்த்தோம்.

"இத்தன பேரு பாக்கறாங்கடி" என்றார். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு கோட்டு அடிச்சிருப்பாரு."

மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

வேலை இல்லாத முதல் வாரத்தில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வாடி போலாம். ஏரிப்பக்கம் ஒரு ஊரு இருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போவாங்களே, அங்க. ரெண்டு நாள். எத்தன பேரு படுத்து எந்திரிச்சத சுத்தம் பண்ணியிருக்கோம், நாம ஒரு தடவ படுத்து எந்திரிப்போம். நாம எந்த ரகம்னுதான் பாத்துடலாமே."

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்று சண்டை போட்டு உட்கார்ந்தார் அக்கா. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அவர் தலைக்கு மேலாக எட்டி எட்டி நான்தான் வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த ஊர் லாட்ஜில் சாவியைக் கையில் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்காகச் சாவி வாங்கியிருக்கிறேன், தங்குவதற்கு வாங்கியதில்லை. அறைக்குள் போனதும் அக்கா கட்டிலில் உட்காரவில்லை. விரிப்பைத் தடவிப் பார்த்தார், மடிப்பை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"தேய்ச்சது இடது கை" என்றார். "மடிப்பு எல்லாம் அந்தப் பக்கமா சாயுது பாரு. கை சுத்தம். ஆனா சலவ சோடா கொஞ்சம் ஜாஸ்தி."

பிறகு பையிலிருந்து தன் போர்வையை எடுத்தார்.

"அதான் லாட்ஜ் போர்வை இருக்கேக்கா?"

"அதப் போத்திக்கிட்டா அடுத்தவங்க வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும். நீ விளக்க அணை."

காலையில் வழக்கப்படி விடிவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அக்கா குளியலறையில் இருந்தார். "வெந்நீரு வருதுடி! தெறந்தா வருதுடி!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கடவுளே, எங்களையும் ஒரு ஜன்னலில் நிற்க வைத்தாயே என்று நன்றி சொல்ல ஆரம்பித்தேன். யார் யாரையோ நினைத்து, எதற்கெல்லாமோ நன்றி சொல்லி முடித்தபோது இரண்டு கட்டிலும் வெறுங்கட்டிலாக இருந்தன. மூட்டை கதவுக்கு வெளியே இருந்தது. என் கையில் வராந்தா மூலையிலிருந்து எடுத்த துடைப்பம் இருந்தது.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "அடிப்பாவி. இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?"

"கை கேக்கலக்கா."

"சரி விடு, ஆரம்பிச்சத பாதியில விடக் கூடாது. நான் பாத்ரூமக் கழுவிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏரிக்குப் போனோம்.

படகில் ஏறியதும் அக்கா பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது போய்ட்டுத் திரும்பி வருமா?"

"திரும்பாத படகுக்கு டிக்கெட்டே கிடையாதும்மா" என்றார் படகுக்காரர்.

நடு ஏரியில் அக்கா கையை விட்டார். தண்ணீரில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். "மெது தண்ணி. நுரை நல்லா வரும்" என்றார். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் கண்ணில் வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு நடந்ததோடு சேர்த்துத்தான்.

மத்தியானம் திரும்பி வந்தால், மேனேஜர் எங்களைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீங்க இன்னும் போகலியா? காலி பண்ணிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்?"

அறை சுத்தம் செய்கிற அம்மா மேலே வந்து கதவைத் திறந்துவிட்டார். "நான்தான்மா சொன்னேன், ரூம காலி பண்ணிட்டாங்கன்னு. தர பெருக்கியிருக்கு, பாத்ரூம் கழுவியிருக்கு, துணி மூட்டையா வாசல்ல இருக்கு. இருவது வருசத்துல இப்படி ஒரு ரூம நான் பாத்ததில்ல. கும்பிட்டுட்டு மூட்டைய அனுப்பிட்டேன்."

புது விரிப்பு போட்டிருந்தது. அக்கா தன் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். குனிந்து பையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போர்வைய மடிச்சுக் கால்மாட்டுல வச்சிருந்தேன். நீ பையில வச்சேன்னுல்ல நெனச்சேன்."

வெள்ளையாக மடித்து வைத்திருந்தது என் கைக்கு லாட்ஜ் போர்வைதானே. எல்லாவற்றோடும் அதையும் உருவிப் போட்டிருக்கிறேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா திட்டவில்லை. அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "எதுல போடுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கொதிக்கிற சோடாத் தண்ணியிலம்மா. பதினோரு லாட்ஜ் துணி மொத்தமா. இந்நேரம் ரெண்டாவது அண்டா ஏறியிருக்கும்."

அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை பழைய துணி கொதிசோடாவில் நூல் நூலாய்ப் பிரிந்துவிடும். தப்பித்தாலும் அந்தச் சொட்டு தப்பிக்காது. சுவர் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த நீலத்தில் உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் புளியங்கொட்டை அளவுதான். அதையும் நான் மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன், அதுவும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே. கடவுளைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். நான்தான் என் கையைப் பார்க்கவில்லை.

சலவைக் கூடம் இரண்டு தெரு தள்ளி, இறக்கத்தில் இருந்தது. முட்டிவலிக்காரியான அக்கா எனக்கு முன்னால் ஓடினார். உள்ளே ஒரே ஆவி. இரண்டு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நீளக் கட்டையால் கிளறிக்கொண்டிருந்தவரிடம் மூச்சு வாங்கிக்கொண்டே நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏரிக்கர லாட்ஜா? காலையிலயே எல்லாத்தையும் பிரிச்சு அண்டாவுல போட்டாச்சேம்மா" என்றார். "ஒரு பழைய போர்வைக்காகவா ரெண்டு பேரும் இப்படி ஓடி வந்தீங்க?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நாங்கள் சிரித்த அதே சிரிப்புதான். எனக்கு அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்காரர் முகம் அப்படியே கண்முன் வந்தது.

அக்கா கொதிக்கிற அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் கையை விட்டுவிடுவாரோ என்று பயந்து அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கோடியில் தேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். இஸ்திரிப் பெட்டி அவள் இடது கையில் இருந்தது. "அண்ணே, காலையில ஒரு மூட்டை அவுக்க வரலன்னு மூலையில வீசினீங்களே. அது எந்த லாட்ஜ்?"

"அட ஆமா. அது எந்தப் படுபாவி கட்டினதோ! நானும் இழுத்துப் பாத்தேன், இந்தப் பையனும் பல்லால கடிச்சுப் பாத்தான். கத்தரிக்கோல் வந்ததும் வெட்டலாம்னு போட்டு வச்சேன்."

மூலையில், ஈரத்தரையில், தனியாக உட்கார்ந்திருந்தது மூட்டை. அக்கா தூரத்திலிருந்தே பார்த்தார். அவர் முகம் முதலில் கோணியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"இது என் முடிச்சு" என்றார். "என் முடிச்சு கட்டின முடிச்சு."

தரையில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். இழுக்கவில்லை. முடிச்சை உள்ளங்கையால் அழுத்தி, இரண்டு தரம் உருட்டி, ஒரு முனையைக் கட்டைவிரலால் உள்பக்கமாகத் தள்ளினார். பல்லு போகும் பல்லு போகும் என்று இருபத்திரண்டு வருஷம் என்னை மிரட்டிய மனுஷி. பல்லைத் தொடவே இல்லை. கட்டைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பூ மாதிரி விரிந்தது.

போர்வை நடுவில் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அக்கா முனையைத் தேடி எடுத்தார். சொட்டு இருந்தது.

கட்டைக்காரர் உற்றுப் பார்த்தார். பாவம், உதவி செய்ய நினைத்தார். "இந்தக் கறையா? குடுங்கம்மா, ரெண்டே நிமிசத்துல எடுத்துத் தரேன்."

"வேணாம்ப்பா" என்றார் அக்கா. "எனக்கும் எடுக்கத் தெரியும்."

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். "என்ன மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்குடி? நீதானே கட்டினே? வேற எவளாச்சும் கட்டியிருந்தா காலையிலயே அவுந்திருக்கும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலை அக்கா எனக்குக் கொடுத்துவிட்டார். போர்வை அவர் மடியில் இருந்தது. சொட்டு இருந்த முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "அந்தக் கண்ணாடிக் கூட்டுக்காரர் ஞாபகம் இருக்காடி?" என்றார்.

"இருக்குக்கா."

"அது யாரு வாங்கிக் குடுத்ததோ. மனுசன் தெறந்து மூடிப் பாத்துட்டுப் போனாரே. நாம சிரிச்சோம்." போர்வையை இன்னொரு தரம் மடித்துக்கொண்டே, "ஜன்னல் ரகம்னு நெனச்சிட்டிருந்தோம். கடைசியில நாமளும் குருவிதான்" என்றார்.

நான் அந்த மனிதருக்காக ஒரு பிரார்த்தனை சொன்னேன். அவர் எங்கள் லாட்ஜிலிருந்து போன அன்றைக்கும் சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது அவர் எனக்கு ஒரு அறை நம்பர்தான்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்கா பெரிய மகளோடு வேறு ஊரில் இருக்கிறார், பஸ்ஸில் நாலு மணி நேரம். முட்டி முழுசாக மடங்குவதில்லை, வெளியே வருவதில்லை. நான்தான் வருஷத்துக்கு இரண்டு தரம் போகிறேன். துணிப்பையை முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுபோவேன். போனதும் அதை அவர் மடியில் வைப்பேன். கையைப் பற்றிக்கொள்வதற்கு முன்பு முடிச்சைத்தான் பிடிப்பார். "இன்னும் திருந்தலியாடி நீ?" என்று திட்டிக்கொண்டே அவிழ்ப்பார். போர்வை கட்டிலின் கால்மாட்டில் மடித்தே இருக்கும். நான் அந்தப் பக்கம் கையைக்கூட நீட்டுவதில்லை.

போன மாதம் போய்விட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போன் அடித்தது.

"ஏய் முடிச்சு, உன் சீப்ப இங்கயே விட்டுட்டுப் போயிருக்கே. போன தடவ துண்டு, அதுக்கு முன்னால மாத்திர டப்பா. உனக்கு வயசாயிடுச்சுடி."

"அங்கயே இருக்கட்டும்க்கா" என்றேன். "தேடி வருவேன்ல."